திண்டுக்கல் சீமைப் பாளையங்கள்

திண்டுக்கல் சீமைப் பாளையங்கள் என்பவை, மதுரை நாயக்கர் அரசின் வடமேற்கு எல்லையில் 16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இருந்த சிற்றாட்சிப் பகுதிகள் ஆகும். இன்றைய திண்டுக்கல், தேனி மாவட்டங்களின் பெரும்பகுதி இவற்றுள் அடங்கியிருந்தது. ஒவ்வொரு பாளையத்திற்கும் ஒரு பாளையக்காரர் தலைவராக இருந்தார். அவர் மதுரைக்குத் திறை செலுத்தினார்; போர்க்காலத்தில் படை அனுப்பினார்; மற்றபடி தம் எல்லைக்குள் வரி தண்டல், காவல், வழக்குத் தீர்ப்பு ஆகிய மூன்றையும் தாமே நடத்தினார். ஐரோப்பாவின் இடைக்காலத்தில் எல்லைப்புறங்களைக் காக்க அமைக்கப்பட்ட பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகளோடு, குறிப்பாக இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் இடையே இருந்தவற்றோடு, இவற்றை ஒப்பிடலாம். ஆனால் திண்டுக்கல் பாளையங்களுக்கு இரண்டு எல்லைகள் இருந்தன. வடக்கே கொங்கு நாட்டின் வழியாக வரும் மைசூர்ப் படை ஓர் எல்லை. மேற்கே பழனி மலைத்தொடரும் அதில் வாழ்ந்த மக்களும் மற்றோர் எல்லை. முதல் எல்லையைப் பற்றி நூல்கள் நிறையப் பேசுகின்றன. இரண்டாவதைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது.

நில அமைப்பு

திண்டுக்கல் நகரம் மேற்கே பழனி மலைக்கும் தென்கிழக்கே சிறுமலைக்கும் இடைப்பட்ட வெளியில் அமைந்துள்ளது. கரூரிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் மதுரைக்கு வரும் படை இந்த இடைவெளியைத் தவிர்க்க இயலாது. நகரின் நடுவே தனித்து நிற்கும் பாறையின் மீது கோட்டை கட்டப்பட்டதற்கு இதுவே காரணம். முத்துக்கிருட்டிணப்ப நாயக்கர் 1605ஆம் ஆண்டில் இக்கோட்டையைக் கட்டத் தொடங்கினார். திருமலை நாயக்கர் (ஆட்சி 1623 - 1659) அதனை வலுப்படுத்தினார்.

கோட்டைக்கு வடக்கே விரிந்து கிடக்கும் வறண்ட சமவெளியின் நடுவில் வேடசந்தூர் உள்ளது. இது திண்டுக்கல்லிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், கரூர்ச் சாலையில் அமைந்துள்ளது. பழனி மலையின் கீழ்ப்பகுதியில் தோன்றும் குடகனாறு இச்சமவெளி வழியே வடக்கு நோக்கி ஓடி அமராவதியில் கலக்கிறது. தமிழகத்தின் சமவெளி ஆறுகளில் வடக்கு நோக்கிச் செல்பவை மிகச் சிலவே. ஆற்றில் ஆண்டு முழுவதும் நீர் இருப்பதில்லை. ஆதலால் கம்பு, சோளம், பருத்தி, புகையிலை ஆகிய புன்செய்ப் பயிர்களே இப்பகுதியின் வாழ்வாதாரமாக இருந்து வந்துள்ளன. நன்செய் நிலம் குறைவாக இருந்ததால் நில வரியை மட்டும் நம்பி ஒரு பாளையக்காரர் படை வைத்திருப்பது கடினமாயிற்று. காவல் வரியும், சுங்கமும், மலையிலிருந்து வரும் பொருள்களும் அவர்களுக்கு இன்றியமையாதவை ஆனதற்கு இந்த வறட்சி ஒரு முதன்மைக் காரணமாகும்.

பழனி மலைத்தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிப் பிரியும் ஒரு கிளை. இதன் பரப்பு ஏறத்தாழ 2,068 சதுர கி.மீ.; மிக உயர்ந்த முடியான வந்தரவு 2,500 மீட்டரைத் தாண்டுகிறது. கிழக்கிலும் வடக்கிலும் உள்ள தாழ்ந்த பகுதி கீழ்மலை எனவும், கொடைக்கானல் அமைந்துள்ள உயர்ந்த பகுதி மேல்மலை எனவும் வழங்கப்படுகின்றன.

தோற்றம்

மதுரையில் விசுவநாத நாயக்கர் (1529 - 1564) ஆட்சியை நிறுவியபோது, அவருடைய தளவாய் அரியநாத முதலியார் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் செய்தி. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களில் ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரரின் பொறுப்பில் விடப்பட்டது. விளைவில் மூன்றில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைச் செலவுக்கு, ஒரு பங்கு பாளையக்காரருக்கு என்பது ஏற்பாடு. 72 என்ற எண்ணை அப்படியே கொள்ள வேண்டியதில்லை. பாளையங்கள் பிரிந்தும் சேர்ந்தும் வந்தன. வெவ்வேறு பட்டியல்கள் வெவ்வேறு பெயர்களைத் தருகின்றன.

திண்டுக்கல் சீமையில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட பாளையங்கள் இருந்தன. மலையடிவாரத்தை ஒட்டிக் கன்னிவாடி, விருப்பாட்சி, ஆயக்குடி, பழனி. வடக்குச் சமவெளியில் இடையகோட்டை, மாம்பாறை, எரியோடு. கிழக்கில் மருநூத்து, தவசிமடை, எமக்கலாபுரம். தெற்கில் அம்பாத்துறை, அம்மையநாயக்கனூர், நிலக்கோட்டை. கம்பம் பள்ளத்தாக்கிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வடகரை, போடிநாயக்கனூர், தேவாரம், கோம்பை, எரசக்கநாயக்கனூர், கண்டமநாயக்கனூர் ஆகியன அவற்றுட் சில. இவற்றுள் எரியோடு இன்று வேடசந்தூர் வட்டத்தில் ஒரு பேரூராட்சியாக உள்ளது. பாளையத்தின் பெயரே ஊரின் பெயராக நிலைத்துவிட்டதால், இன்றைய நிலப்படத்தை வைத்தே பழைய பாளையங்களைப் பெரும்பாலும் அடையாளம் காணலாம்.

பாளையக்காரர்களில் பெரும்பான்மையோர் தெலுங்கு பேசும் கம்பளத்து நாயக்கர் ஆவர். கோம்பை, தேவாரம் போன்ற சிலவற்றைக் கன்னடம் பேசும் காப்பிலியர் ஆண்டனர். தம் முன்னோர் வடக்கிலிருந்து பகைவருக்கு அஞ்சி வந்தபோது ஆற்றின் கரையில் நின்ற புங்க மரங்கள் வளைந்து பாலம் அமைத்துக் கொடுத்தன என்பது கம்பளத்தாரின் மரபுக் கதை. பாளையக்காரர் குடும்பங்களின் வமிசாவளிகளைக் காலின் மெக்கன்சி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரட்டினார். இவ்வமிசாவளிகளில் பல, கும்பனியாரிடம் உரிமை கோரும் நோக்கோடு சொல்லப்பட்டவை. முன்னோரின் வீரமும் மன்னர் அளித்த பரிசுகளும் அவற்றில் சற்று மிகுந்தே காணப்படும். மறுபுறம் ஆங்கிலேயரின் கடிதங்கள் பாளையக்காரர்களைக் கொள்ளையர் என்றே குறிக்கின்றன. இரண்டையும் எச்சரிக்கையோடு அணுகுதல் நலம்.

ஆட்சி முறை

பாளையக்காரரின் அதிகாரத்திற்கு அடிப்படையாக இருந்தது காவல் உரிமை. ஓர் ஊரில் களவு போனால் களவுப் பொருளை மீட்டுத் தருவது காவற்காரரின் கடமை. மீட்க இயலாவிடில் இழப்பை ஈடு செய்ய வேண்டும். இதற்காக ஊரார் தானியமாகவோ பணமாகவோ காவல் வரி கொடுத்தனர். ஊர் அளவில் நடந்தது தலக்காவல் எனவும், பல ஊர்களையும் வழிகளையும் உள்ளடக்கிப் பாளையக்காரர் நடத்தியது திசைக்காவல் எனவும் பெயர் பெற்றன. வணிகரின் பொதிமாடுகள் ஒரு பாளையத்தைக் கடந்து மற்றொன்றுக்குள் நுழையும்போது காவலும் கைமாறும். சுங்கமும் மீண்டும் ஒருமுறை கொடுக்கப்படும். மைய அரசு வலுவாக இருந்தபோது இம்முறை வழிகளைப் பாதுகாத்தது. அது தளர்ந்தபோது, காவல் வரி கொடாத ஊரில் களவு நடப்பதற்குக் காவற்காரரே துணை போவதும் உண்டாயிற்று.

அண்டைப் பாளையங்களிடையே எல்லைச் சண்டைகளும் மண உறவுகளும் ஒருசேர நடந்தன. சிறிய பாளையங்கள் பெரியவற்றைச் சார்ந்து நின்றன. திண்டுக்கல் சீமையில் அத்தகைய முதன்மை நெடுங்காலம் கன்னிவாடியிடம் இருந்தது. புலவர்களை ஆதரிப்பதிலும் பாளையக்காரர் போட்டியிட்டனர். நிலக்கோட்டையின் கூளப்ப நாயக்கர் மீது சுப்பிரதீபக் கவிராயர் பாடிய விறலிவிடு தூது, அவ்வகை இலக்கியத்தில் பெயர் பெற்றது.

மைசூர் எல்லை

திருமலை நாயக்கர் ஆட்சியின் தொடக்கத்தில் மைசூர்ப் படை திண்டுக்கல் வரை வந்தது. தளவாய் இராமப்பையனும் கன்னிவாடிப் பாளையக்காரர் இரங்கண்ண நாயக்கரும் அதனைத் திருப்பி அனுப்பினர். திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில், 1656 அளவில், மைசூர்ப் படை மீண்டும் வந்தது. பிடிபட்டவர்களின் மூக்கை அறுத்து அனுப்பியதால் இப்போர் மூக்கறுப்புப் போர் எனப் பெயர் பெற்றது. நோயுற்றிருந்த மன்னருக்கு உதவியாக இராமநாதபுரத்திலிருந்து இரகுநாத சேதுபதி படையுடன் வந்தார். படையெடுப்பின் வழியில் இருந்த ஊர்களின் குடியானவர்களே இதன் முதற்கொடுமையை அனுபவித்தனர்.

1736இல் சந்தா சாகிப் மதுரையைக் கைப்பற்றியதோடு நாயக்கர் ஆட்சி முடிவுற்றது. அடுத்த பத்தாண்டுக்குள் திண்டுக்கல் மராத்தியர், ஐதராபாத் நிசாம் எனக் கை மாறி மைசூர் வசம் சென்றது. மேலாட்சி யாருடையது என்பதே தெளிவில்லாத அந்த ஆண்டுகளில் பாளையக்காரர் திறை செலுத்துவதை நிறுத்தியதில் வியப்பில்லை. நிலுவையைத் தண்டுவதற்காக மைசூர் அரசு 1755ஆம் ஆண்டில் ஐதர் அலியைத் திண்டுக்கல்லின் பௌசுதாராக அனுப்பியது. அப்போது அவர் மைசூரின் படைத்தலைவர்களுள் ஒருவர் மட்டுமே.

ஐதர் அலியின் எழுச்சி திண்டுக்கல்லில்தான் தொடங்கியது எனலாம். பாளையங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பணியவைத்து, அவற்றின் செல்வத்தையும் கால்நடைகளையும் கைப்பற்றினார். பிரெஞ்சுத் தொழில்நுட்பர்களை வரவழைத்துத் திண்டுக்கல்லில் பீரங்கிப் பட்டறையும் படைக்கலச் சாலையும் அமைத்தார். இக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை மைசூர் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்சு குறிப்பிடுகிறார். காயமடைந்த வீரர் ஒவ்வொருவருக்கும் குணமாகும் வரை மாதம் 14 ரூபாய் தர மைசூர் அரசு இசைந்தது. உண்மையில் காயமடைந்தோர் 67 பேர். ஐதர் அலியோ நல்ல உடல்நிலையில் இருந்தவர்களின் கைகால்களிலும் மஞ்சளில் தோய்த்த துணியைக் கட்டி, 700 பேரை அதிகாரி முன் நிறுத்தினார். இச்செய்தி ஐதர் அலியைப் பகைத்த ஆங்கிலேயர் ஒருவரின் நூலில் வருவது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். எனினும் எல்லைப்புறத்தில் இருந்த ஒரு படைத்தலைவர் தலைநகரின் கண்ணுக்கு எட்டாமல் எவ்வாறு செல்வம் சேர்க்க முடிந்தது என்பதை இது காட்டுகிறது. ஐதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் கல்லறை திண்டுக்கல் பேகம்பூர்ப் பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் உள்ளது. அப்பகுதியின் பெயரும் அவரால் வந்ததே.

மைசூருக்கும் பாளையங்களுக்கும் இருந்த உறவு பகைமை மட்டுமன்று. 1772ஆம் ஆண்டு காளையார்கோயில் போரில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின், அரசி வேலு நாச்சியார் தம் மகளுடன் விருப்பாட்சிக்கு வந்து சேர்ந்தார். பாளையக்காரர் கோபால நாயக்கர் அவருக்கு அடைக்கலம் அளித்தார். ஐதர் அலியின் உதவியும் கிடைத்தது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1780இல், வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டார். ஆர்க்காட்டு நவாபுக்கும் ஆங்கிலேயருக்கும் எட்டாத இடமாக விருப்பாட்சி இருந்ததே அதன் சிறப்பு. அவ்வூரின் முதுகுப்புறம் மலை. மலைமீது பாளையத்தைச் சார்ந்த ஊர்கள்.

மலைவாழ் மக்கள்

பழனி மலையில் பளியர், புலையர், குன்னுவர் ஆகிய மூன்று மக்களும் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். சமவெளியினர் இவர்கள் மூவரையும் சேர்த்து 'மலையாட்கள்' என்று சொல்வதுண்டாயினும் இவர்கள் வாழ்க்கை முறையில் பெரிதும் வேறுபட்டவர்கள்.

பளியர் காட்டில் கிழங்கு அகழ்ந்தும், தேன் எடுத்தும், சிறு வேட்டையாடியும் வாழ்ந்தனர். நிலையான ஊர் அமைத்துப் பயிரிடும் வழக்கம் அவர்களிடம் அண்மைக் காலம் வரை குறைவு. செங்குத்தான பாறைகளில் கொடியைக் கட்டி இறங்கித் தேனடையை எடுப்பதில் அவர்கள் வல்லவர்கள். புலையர் மலையின் பழங்குடிகள். தினை, கேழ்வரகு முதலியவற்றைப் பயிரிட்டனர். குன்னுவர் கொங்கு நாட்டிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் பஞ்சத்தாலோ போராலோ மலையேறி வந்தவர்கள் என்று தம்மைப் பற்றிக் கூறுகின்றனர். அவர்களுடைய ஊர்த்தலைவர்கள் மன்னாடியார் எனப்பட்டனர். சரிவுகளைப் படிப்படியாக வெட்டி, ஓடை நீரைத் திருப்பிப் பயிரிடும் முறையை அவர்கள் கையாண்டனர். மேல்மலையின் பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களில் இப்படிக்கட்டு வயல்களை இன்றும் காணலாம்.

குன்னுவரின் வருகைக்குப்பின் புலையர் தம் நிலத்தின் மீதிருந்த பிடியை இழந்தனர். கடன் வாங்கி அதற்கு ஈடாக உழைக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டுப் பலர் பண்ணையாட்கள் ஆயினர். 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயக் குறிப்புகள் அவர்களைக் குன்னுவரின் அடிமைகள் போன்றவர்கள் என்றே குறிக்கின்றன. ஆகவே பாளையத்திற்கும் 'மலைப் பழங்குடிகளுக்கும்' இடையிலான வணிகம் என்று பொதுவாகப் பேசும்போது, மலையிலேயே மேல் கீழ் அடுக்குகள் இருந்தன என்பதும், கீழே இறங்கிய பொருளை விளைவித்தவரும் அதற்கு விலை பெற்றவரும் பல வேளைகளில் வேறு வேறு ஆட்கள் என்பதும் கருதப்பட வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கை அடுத்த உயர்மலைகளில் முதுவரும் மன்னான்களும் வாழ்கின்றனர். முதுவர் தாம் மதுரையிலிருந்து மீனாட்சியின் உருவை முதுகில் சுமந்துகொண்டு மலையேறியதாகக் கூறுவர். போடிநாயக்கனூர்ப் பகுதி தெலுங்கு நாயக்கர் வசமானபோது இப்பெயர்ச்சி நிகழ்ந்தது என்றும் ஒரு மரபு உண்டு. அதாவது, எல்லைப்புறப் பாளையம் ஒன்றின் தோற்றம் மலையில் ஒரு மக்களினத்தின் தோற்றக் கதையாகப் பதிந்துள்ளது.

மலைப் பொருள் வணிகம்

மலையின் வடக்கு, கிழக்குச் சரிவுகளில் இருந்த ஊர்கள் கன்னிவாடி, விருப்பாட்சி, ஆயக்குடி முதலிய அடிவாரப் பாளையங்களைச் சார்ந்திருந்தன. ஆடலூர், பன்றிமலைப் பகுதி கன்னிவாடிக்கு உரியதாக இருந்தது. பாளையக்காரர் மலைமீது படை நிறுத்தி ஆண்டதில்லை. அது தேவையாகவும் இல்லை. மலையிலிருந்து இறங்கும் பாதைகள் சிலவே. அவற்றின் அடிவாரத்தில் இருக்கும் சந்தையும் சாவடியும் யார் கையில் உள்ளனவோ அவரே மலையின் மீதும் அதிகாரம் உடையவர் ஆனார்.

மலையில் கிடைக்காத முதற்பொருள் உப்பு. கடற்கரையில் விளைந்த உப்பு பொதிமாடுகளில் ஏற்றப்பட்டு உள்நாட்டுச் சந்தைகளை அடைந்து, அங்கிருந்து தலைச்சுமையாகவும் மாட்டுப் பொதியாகவும் மலையேறியது. அடுத்தவை இரும்புக் கருவிகள். அரிவாளும் மண்வெட்டியும் இன்றிப் படிக்கட்டு வயல் இல்லை. துணி, மண்பாண்டம், பஞ்ச காலத்தில் தானியம், சமவெளியில் விளைந்த புகையிலை ஆகியனவும் மேலே சென்றன.

கீழே வந்தவை தேன், மெழுகு, கடுக்காய், மஞ்சள், ஏலம், வாழைப்பழம், பூண்டு, கடுகு, வெந்தயம் முதலியன. மேல்மலைக் குன்னுவர் கோதுமையும் பூண்டும் விளைவித்தனர். தமிழ்ச் சமவெளியில் கோதுமை அரிதாக இருந்ததால் அதற்குத் தனி மதிப்பு இருந்தது. தேனுக்கும் வாழைப்பழத்துக்கும் பழனி முருகன் கோயில் ஒரு நிலையான தேவையை உண்டாக்கியது. பஞ்சாமிர்தத்திற்குப் பயன்படும் மலைவாழைப்பழம் விருப்பாட்சி மலையின் பெயராலேயே அறியப்படுகிறது. நீர்ச்சத்துக் குறைந்த இப்பழத்தைப் பிசைந்தால் கூழாகி விடாமல் கெட்டியாக நிற்கும். எனவே பஞ்சாமிர்தம் பல நாள் கெடுவதில்லை. பங்குனி உத்திரத்திற்கும் தைப்பூசத்திற்கும் கொங்கு நாட்டிலிருந்து காவடியுடன் வரும் அடியார் கூட்டம், மலையடிவாரப் பாளையங்களுக்குச் சுங்க வருவாயாகவும் மலைமக்களுக்குச் சந்தையாகவும் அமைந்தது.

தெற்கே போடிநாயக்கனூரின் நிலைமை சற்று வேறு. அங்கிருந்து கணவாய்கள் வழியே திருவிதாங்கூரின் ஏலமலைக்குச் செல்லலாம். எல்லைக்கு அப்பால் விளைந்த ஏலம் எல்லைக்கு இப்பாலிருந்த ஊரில் விலை போயிற்று. இன்றும் போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தின் மையமாக விளங்குவது இப்பழைய வழியின் தொடர்ச்சியே. அருகிலுள்ள கோம்பைப் பாளையத்தின் பெயர் வேட்டைக்கும் காவலுக்கும் பயன்பட்ட கோம்பை நாயினத்தால் தமிழகமெங்கும் அறியப்பட்டுள்ளது.

இவ்வணிகத்தில் பணம் குறைவாகவே புழங்கியது. பெரும்பாலும் பண்டமாற்று, அதிலும் முன்கடன். அடுத்த பருவத்துத் தேனையோ வாழைத்தாரையோ ஈடாக வைத்து இந்தப் பருவத்தில் உப்பும் துணியும் பெறுவது வழக்கம். கடன் கொடுத்தவர் குறிக்கும் விலையே விலை. மலைமக்கள் சமவெளியின் படைக்கலத்தை விடச் சமவெளியின் கணக்கேட்டிற்கே மிகுதியும் கட்டுப்பட்டிருந்தனர் எனில் மிகையாகாது.

கும்பனி ஆட்சியும் திண்டுக்கல் கூட்டணியும்

மைசூர்ப் போர்களின்போது திண்டுக்கல் கோட்டை ஆங்கிலேயர் வசமாவதும் திருப்பித் தரப்படுவதுமாக இருந்தது. 1783இல் கைப்பற்றப்பட்ட கோட்டை 1784இல் மங்களூர் உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடம் திரும்பியது. 1790 ஆகத்தில் கர்னல் சேம்சு சுடூவர்ட்டு அதனை மீண்டும் பிடித்தார். 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கும்பனிக்கு உரியதாயிற்று.

கும்பனியார் கேட்டது திறை அன்று, நிலுவை இல்லாத வரி. நாயக்கர் காலத்திலும் மைசூர் காலத்திலும் திறை என்பது பேரம் பேசி முடிவு செய்யப்படுவது. பஞ்ச ஆண்டில் குறையும், படை அனுப்பிய ஆண்டில் தள்ளுபடியாகும். கும்பனியின் கலெக்டர்களுக்கு இந்த நெகிழ்வு பிடிபடவில்லை. நிலுவை வைத்த பாளையங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. 1796இல் பொறுப்பேற்ற கலெக்டர் ஃகர்டிசு, சீமை முழுவதையும் அளந்து வரி விதிக்கும் பணியைத் தொடங்கினார். நில அளவை என்பது பாளையக்காரருக்கு நேரடியான அச்சுறுத்தல் ஆயிற்று. எவ்வளவு நிலம், எவ்வளவு விளைவு, யார் பயிரிடுகிறார் என்பது கும்பனிக்குத் தெரிந்துவிட்டால் இடையில் பாளையக்காரருக்கு வேலை இல்லை.

1799 அக்டோபரில் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். இதன்பின் விருப்பாட்சிக் கோபால நாயக்கர் அண்டைப் பாளையக்காரர்களை ஒன்றுசேர்த்தார். திண்டுக்கல் கூட்டணி எனப்படும் இவ்வமைப்பு, சிவகங்கையின் மருது சகோதரர்கள், மலபாரின் கேரள வர்மா, கன்னட நாட்டின் தூந்தாசி வாக் ஆகியோருடன் தொடர்பு கொண்டது. தமிழகத்தின் உட்பகுதியில் இருந்த ஒரு மலையடிவாரப் பாளையம் தீபகற்பத்தின் இரு கரைகளையும் இணைக்கும் இடமானது வியப்பிற்குரியது. ஆனால் நில அமைப்பை நோக்கினால் காரணம் புலப்படும். கொங்கு, மதுரை, மலபார் ஆகிய மூன்றுக்கும் செல்லும் வழிகள் அருகருகே இருந்தது இங்குதான். மலைப்பாதைகளில் தூது செல்வோரைக் கும்பனியின் காவற்படை பின்தொடர இயலவில்லை.

1800 சூன் 3ஆம் நாள் கோயம்புத்தூரில் இருந்த கும்பனிப் படையைத் தாக்கத் திட்டமிடப்பட்டது. தூந்தாசியின் குதிரைப்படை குறித்த காலத்தில் வந்து சேரவில்லை, செய்தியும் வெளிப்பட்டுவிட்டது. பிடிபட்டவர்களில் 42 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் தூந்தாசி வாக் ஆர்தர் வெல்லெசுலியின் படையால் கொல்லப்பட்டார். 1801ஆம் ஆண்டின் முற்பகுதியில் கர்னல் இன்னசு தலைமையில் வந்த படை விருப்பாட்சியைக் கைப்பற்றியது. கோபால நாயக்கர் மலைக்குள் சென்றார். பின்னர் பிடிபட்டு, அவ்வாண்டிலேயே தூக்கிலிடப்பட்டார். திண்டுக்கல் நகரின் கோபாலசமுத்திரக் குளம் அவர் பெயரைத் தாங்கியது என்பதும் அதன் கரையிலேயே அவர் தூக்கிலிடப்பட்டார் என்பதும் உள்ளூர் மரபு.

கிளர்ச்சியின் கடைசிக் கட்டமும் இப்பகுதியிலேயே முடிந்தது. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பெப்ரவரியில் தப்பிய ஊமைத்துரை, காளையார்கோயில் வீழ்ந்தபின் திண்டுக்கல் மலைப்பகுதிக்கு வந்தார். வத்தலக்குண்டை ஒட்டி நடந்த சண்டைகளுக்குப் பின் பிடிக்கப்பட்டு, நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார்.

பாளையங்களின் முடிவு

1801 திசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவு வெளியிட்ட அறிவிப்பு, பாளையக்காரர்கள் படைக்கலம் வைத்திருப்பதைத் தடை செய்தது. கோட்டைகளை இடிக்க ஆணையிட்டது. காவல் உரிமையும் அவர்களிடமிருந்து நீங்கியது. 1802ஆம் ஆண்டின் நிலையான நிலவரித் திட்டத்தின்படி, எஞ்சிய பாளையக்காரர்கள் சமீன்தார்கள் ஆக்கப்பட்டனர். கன்னிவாடி, ஆயக்குடி, இடையகோட்டை, போடிநாயக்கனூர், கண்டமநாயக்கனூர் போன்றவை சமீன்களாகத் தொடர்ந்தன. பறிமுதலான விருப்பாட்சி மீண்டும் தலையெடுக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் சென்னை மாகாண சமீன் ஒழிப்புச் சட்டம் சமீன்களுக்கும் முற்றுப்புள்ளி வைத்தது. அதே ஆண்டில் வேடசந்தூரில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை நிலையம் தொடங்கப்பட்டது. பாளையக் காலத்திலிருந்து சமவெளிக் குடியானவரின் கைப்பணப் பயிராக இருந்த மெல்லும் புகையிலையே அதன் ஆய்வுப்பொருள் ஆயிற்று.

மலையில் மாற்றம் வேறு வகையில் நிகழ்ந்தது. 1821இல் லெப்டினன்ட் வார்டு பழனி மலையை அளந்தார். 1845இல் அமெரிக்க மறைப்பணியாளர்கள் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினர். 1863இல் முன்னாள் மதுரைக் கலெக்டர் வெரி லெவிஞ்சு அங்கு ஏரியை அமைத்தார். கீழ்மலையிலும் சிறுமலையிலும் காப்பித் தோட்டங்கள் பரவின. பளியரையும் புலையரையும் மிகுதியும் பாதித்தது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் ஆகும். ஒதுக்குக் காடு என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் கிழங்கு தோண்டுவதும் தேன் எடுப்பதும் அனுமதி வேண்டும் செயல்கள் ஆயின. பாளையக்காரருக்கு மெழுகும் தேனும் கொடுத்துவந்த காடு இப்போது குத்தகைக்காரருக்கு ஏலம் விடப்பட்டது. தேனை எடுத்தவர் பளியராகவே இருந்தார். கூலி கொடுத்தவர் மட்டும் மாறினார்.

இன்றைய நிலை

பளியர் தமிழ்நாட்டில் அட்டவணைப் பழங்குடியினராகவும், குன்னுவ மன்னாடியார் பிற்படுத்தப்பட்டோராகவும் வகைப்படுத்தப்பட்டுள்ளனர். புலையர் அட்டவணைச் சாதியினர் பட்டியலில் உள்ளனர். மலையில் வாழும் தம்மைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டுமென அவர்கள் நெடுநாளாகக் கோரி வருகின்றனர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருள்களைத் திரட்டும் உரிமையைக் காட்டில் வாழ்வோருக்குச் சட்டப்படி ஏற்றுள்ளது. அச்சட்டப்படி வழங்கப்படும் நிலவுரிமைப் பட்டா குறித்த கோரிக்கைகள் தொடர்கின்றன.

விருப்பாட்சி மலைவாழை 1970களில் முடிக்கொத்து நோயால் பேரழிவிற்கு உள்ளாகி, அதன் பரப்பு வெகுவாகச் சுருங்கியது. விருப்பாட்சி, சிறுமலை ஆகிய இரு மலைவாழைகளும் 2008 - 09இல் புவிசார் குறியீடு பெற்றன. பழனிப் பஞ்சாமிர்தம் 2019இல் பெற்றது. கோபால நாயக்கருக்கு விருப்பாட்சியில் தமிழக அரசு மணிமண்டபம் கட்டியுள்ளது. ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி செல்லும் சாலையில் இவ்வூர் உள்ளது. பாச்சலூருக்குச் செல்லும் மலைப்பாதையும் இப்பகுதியிலிருந்தே ஏறுகிறது.